ஆட்டத்தில் இல்லாத நெய்தல்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. விலங்கியல் மாணவி, நெட்டுக்குப்பம்)

விளையாட்டு என்பது வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் நம்மிடையே பலர் உள்ளனர். அவர்கள் நம் வீட்டுப் பரமபதப் படத்தைச் சற்றே கூர்ந்து நோக்க வேண்டும். அறம் செய்தவனுக்கு ஏணி; தீமை செய்தவனுக்குப் பாம்பு; உச்சியில் வீடுபேறு. தாயக்கட்டையை உருட்டும் சிறுமிக்கு யாரும் சொற்பொழிவு ஆற்றுவதில்லை. ஆயினும் ஒரு மாலைப்பொழுது ஆடி முடிப்பதற்குள், உலகம் எப்படி இயங்குகிறது என்ற ஒரு பாடம் அவள் மனத்தில் பதிந்துவிடுகிறது. கட்டம் வரைந்தவர் எந்த உலகத்தை நம்பினாரோ அந்த உலகத்தில்தான் காய் நகரும். இந்த உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டு, இன்று நம் வயதொத்தவர்கள் கைப்பேசியிலும் கணிப்பொறியிலும் மணிக்கணக்கில் ஆடும் ஆட்டங்களைப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

அவற்றுள் ஒரு வகைக்கு 'ரோல் பிளேயிங் கேம்' என்று பெயர். வேடமேற்று ஆடும் ஆட்டம் என்று தமிழில் சொல்லலாம். நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பார்கள். "உங்கள் முன்னே ஒரு பாழடைந்த கோட்டை. கதவு திறந்திருக்கிறது. என்ன செய்கிறீர்கள்?" என்று கதை நடத்துபவர் கேட்பார். ஒருவர் உள்ளே நுழைவேன் என்பார். இன்னொருவர் காவலனிடம் பேசிப் பார்ப்பேன் என்பார். எண்ணியது நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை தீர்மானிக்கும். நம் தெருக்கூத்தையும் தாயத்தையும் சேர்த்துக் கட்டியது போன்ற ஆட்டம் இது. மனிதருக்குப் பதிலாகக் கணிப்பொறி கதையை நடத்தினால் அது கணிப்பொறி ஆட்டம்.

இவ்வாட்டத்திற்கு விதி வேண்டும், பாத்திரம் வேண்டும், களம் வேண்டும். களம் என்பது கதை நடக்கும் உலகம். அதன் நிலம், காற்று, உணவு, தொழில், அச்சம், நம்பிக்கை எல்லாம் அதில் அடங்கும். எந்த நிலங்கள் களமாயின, எவை ஆகவில்லை, ஆகாததால் யாருக்கு என்ன இழப்பு என்பவையே இக்கட்டுரையின் பொருள்.

ஒரே காடு, ஒரே கோட்டை

1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்னும் ஆட்டத்தை வெளியிட்டனர். இத்துறைக்கு அதுவே மூல நூல். ஐரோப்பிய இடைக்காலத்துக் கோட்டை, கவசம் பூண்ட குதிரை வீரன், அடர்ந்த காடு, நிலவறை, அங்கே புதையலைக் காத்துக் கிடக்கும் டிராகன் ஆகியவை அதன் அடிப்படைச் சரக்குகள். கதை பெரும்பாலும் ஒரு மதுக்கூடத்தில் தொடங்கும். நாயகர் நால்வர் அங்கே சந்தித்து, நிலவறைக்குச் சென்று, பொன்னோடு திரும்புவர்.

கனடாவைச் சேர்ந்த எட் கிரீன்வுட் என்பவர் உருவாக்கிய ஒரு களம் 1987இல் இவ்வாட்டத்திற்கென வெளியாயிற்று. அதன் பெயர் 'ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்'. மறக்கப்பட்ட நாடுகள் என்று பொருள். 2023இல் பெல்ஜிய நாட்டு லேரியன் நிறுவனம் வெளியிட்டு உலகெங்கும் புகழ்பெற்ற 'பால்டர்ஸ் கேட் 3' என்னும் கணிப்பொறி ஆட்டம் இந்தக் களத்தில்தான் நடக்கிறது. வேடிக்கையைப் பாருங்கள்! மறக்கப்பட்டவை என்று பெயர் சூட்டிக்கொண்ட நாடுகளைத்தான் உலகம் மறவாமல் போற்றுகிறது.

உண்மையில் மறக்கப்பட்டவை வேறு. கிழக்காசியச் சாயலில் 1985இல் காரா-டூர் வந்தது. நடு அமெரிக்கப் பழங்குடியினர் சாயலில் 1991இல் மாஸ்டிக்கா வந்தது. அரபுக் கதைகளின் சாயலில் 1992இல் அல்-காதிம் வந்தது. இம்மூன்றும் அதே உலகப்படத்தின் ஓரங்களில் ஒட்டி வைக்கப்பட்டன. சில ஆண்டுகள் நூல்கள் வந்தன, பிறகு நின்றன. நடுவில் இருப்பது எப்போதும் ஐரோப்பியக் காடு. மற்ற நிலங்கள் எல்லாம் சுற்றுலா போய்வரும் இடங்கள்.

நாம் நுழைந்த வாசல்

அப்படியானால் இந்தியா இந்த ஆட்டத்திற்குள் வரவே இல்லையா? வந்தது. எந்த வாசல் வழியாக வந்தது என்பதே கேள்வி. 1977இல் வெளிவந்த 'மான்ஸ்டர் மேனுவல்' என்னும் தொகுப்பில் நம் ராட்சசன் இடம்பெற்றான். புலித்தலை, மேலைநாட்டுச் சீமான் வீட்டில் அணியும் மேலங்கி, கையில் புகைக்குழாய்! அருள் ஏற்றிய குறுக்குவில் அம்பு பட்டால் அவன் மாய்வான் என்று விதி எழுதினார்கள். இப்படி ஒரு செய்தி வான்மீகியிலும் இல்லை, கம்பனிலும் இல்லை. 1974இல் ஒளிபரப்பான ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் உண்டு.

1980இல் வந்த மற்றொரு நூலில் இந்திரன், அக்கினி, காளி முதலிய தெய்வங்கள் இடம்பெற்றனர். ஒவ்வொரு தெய்வத்துக்கும் இத்தனை உயிர்ப்புள்ளி, இத்தனை அடி தாங்கும் என்று அட்டவணை போட்டிருந்தார்கள். கிரேக்கத் தெய்வங்களுக்கும் அதே அட்டவணைதான். ஆகவே இதில் வன்மம் இருந்ததாக நான் கருதவில்லை. அந்தத் தெய்வத்தை வணங்கும் மக்களும், அவர்கள் நிற்கும் மண்ணும் வராமல், தெய்வம் மட்டும் தனியே பெயர்த்தெடுக்கப்பட்டு வந்தது என்பதே என் குறை.

அண்மைக் காலத்தில் நிலை சற்று மாறியிருக்கிறது. டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் வெளியீட்டாளர் 2022இல் கொண்டுவந்த ஒரு தொகுப்பில், கொல்கத்தாவில் பிறந்த எழுத்தாளர் மிமி மண்டல் வங்கத்தை நினைவூட்டும் ஒரு களத்தை எழுதியிருக்கிறார். நம் நாட்டிலேயே போபாலைச் சேர்ந்த பைரோடாக்டில் நிறுவனம் 2014இல் 'அன்ரெஸ்ட்' என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. பஞ்சத்தில் தவிக்கும் ஒரு பழங்கால இந்திய நகரம் அதன் களம். விருப்பமில்லாத் திருமணத்தை எதிர்நோக்கும் ஓர் உழவர் வீட்டுப் பெண்ணாகவும் அதில் நாம் ஆட வேண்டும். புனேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் நிறுவனம் 2020இல் வெளியிட்ட 'ராஜி'யில் ஒரு கழைக்கூத்துப் பெண், அசுரர் கவர்ந்து சென்ற தன் தம்பியைத் தேடிச் செல்கிறாள். இரண்டும் பாராட்டத்தக்க முயற்சிகள். ராஜி நடக்கும் இடங்களோ ராஜஸ்தானத்துக் கோட்டைகளையும் மாளிகைகளையும் நினைவூட்டுபவை. ஐரோப்பியக் கோட்டை இருந்த இடத்தில் இந்தியக் கோட்டை வந்திருக்கிறது. அதுவும் முன்னேற்றந்தான். ஆனால் கோட்டைக்கு வெளியே வாழ்ந்தவர்களே பெரும்பாலோர் அல்லவா?

கடலையே எடுத்துக்கொள்வோம். இந்த ஆட்டங்களில் கடல் வராமல் இல்லை. கப்பல் வரும், கொள்ளைக்காரன் வருவான், கடற்பூதம் வரும். கடற்கரையில் வாழ்கிறவன் மட்டும் வருவதில்லை. மீனவர் ஊர் ஒன்று தப்பித் தவறி வந்தாலும், நாயகன் தோணி வாடகைக்கு எடுக்கும் இடமாகவோ, பூதம் அழித்துவிட்டுப் போன ஊராகவோ வரும். கொசத்தலை ஆறு கடலோடு கலக்கும் எண்ணூர் முகத்துவாரத்தில், நெட்டுக்குப்பத்தில், பிறந்து வளர்ந்தவள் நான். என் ஊரைப் போன்ற ஓர் ஊருக்குள் நாயகன் ஒருவன் நுழைந்து வெளியேறுவதை ஆட்டங்களில் பார்த்திருக்கிறேன். அந்த ஊரிலிருந்து ஒரு நாயகன் புறப்படுவதை இதுவரை பார்த்ததில்லை.

தொல்காப்பியர் தரும் களம்

நமக்கென்று ஒரு களம் அமைக்கப் புதிதாக ஏதும் கண்டுபிடிக்க வேண்டுமோ என்று மலைக்க வேண்டியதில்லை. இந்த வேலையை நம் முன்னோர் பெருமளவு முடித்து வைத்திருக்கிறார்கள். தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் முதல், கரு, உரி என்று மூன்று படித்தோம். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துத் தெய்வம், உணவு, விலங்கு, பறவை, மரம், பறை, யாழ், தொழில் போன்றவை கருப்பொருள். அங்கே வாழ்வோர் நெஞ்சில் எழும் உணர்வு உரிப்பொருள். தேர்வுக்காக மனப்பாடம் செய்த பட்டியல் இது. வேடமேற்று ஆடும் ஆட்டத்தின் களநூல் ஒன்றைப் புரட்டிப் பார்த்தால், அதன் அதிகாரத் தலைப்புகளும் ஏறத்தாழ இவைதாம். அவர்கள் நூலில் பொதுவாகக் காணக் கிடைக்காதது ஒன்றே ஒன்று, அது உரிப்பொருள். இந்த நிலத்தில் எந்த உணர்வு இயல்பாக விளையும் என்ற கேள்வியைத் தமிழ் கேட்டது.

நெய்தலுக்கு உரிய உணர்வு இரங்கல். போனவர் திரும்பி வருவாரோ என்று கரையில் நின்று கலங்குவது. புலவர்கள் அதைக் காதலியின் கலக்கமாகப் பாடினார்கள். எங்கள் குப்பத்துப் பெண்களுக்கு அது அன்றாட வேலைகளில் ஒன்று. காற்று திடீரென்று திரும்பினால் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டுக் கரைக்கு ஓடுவார்கள்.

இதை ஆட்டமாக்க முடியுமா என்று சென்ற விடுமுறையில் என் சித்தி பிள்ளைகளோடு முயன்று பார்த்தேன். இருபது முகப் பகடைக்கு எங்கே போவது? தாயக்கட்டையே போதும் என்று முடிவு செய்தோம். இருவர் கடலுக்குப் போனவர்கள், அவர்கள் திண்ணையில். இருவர் கரையில் இருப்பவர்கள், அவர்கள் வீட்டுக்குள். நடுவில் நான் கதை நடத்தினேன். திண்ணையில் என்ன விழுகிறது என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. உள்ளே இருப்பவர்கள் வானத்தையும் அலையையும் பார்த்து, விளக்கை உயர்த்துவதா, இன்னொரு படகை அனுப்புவதா, கூடைக்காக வாங்கிய முன்பணத்தை அதற்குச் செலவழிப்பதா என்று முடிவு செய்ய வேண்டும். வாளும் இல்லை, பூதமும் இல்லை. ஆனாலும் கடைசிக் கட்டை உருளும்போது என் சித்தி மகள் கண்ணை மூடிக்கொண்டாள். ஆட்டம் என்றால் அதுவல்லவா ஆட்டம்!

நெய்தல் தரும் விதிகள் இன்னும் பல. கடலோரத் தமிழில் வாடை, கச்சான், கொண்டல் என்று காற்றுக்குத் திசைக்கொரு பெயர் உண்டு. இன்ன காற்றுக்கு இன்ன மீன் என்று கணக்கு உண்டு. பிடிபட்ட மீனைப் பிரிக்கப் படகுக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று பங்கு உண்டு. குகையில் கிடைத்த பொன்னை நாயகர்கள் பிரித்துக்கொள்வதைவிட நுட்பமான கணக்கு அது. கரையில் ஏலம் எடுக்கும் பெண்ணின் கண் அளவும் வாய்த்திறமும் எந்த மந்திரவாதிக்கும் குறைந்தவை அல்ல. எங்களுக்கு வடக்கே பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்றொரு முறை இருக்கிறது. யார், எங்கே, எந்த நாளில் வலை விரிப்பது என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வார்கள். ஆளுக்கொரு முறை என்பதைக் கணிப்பொறி ஆட்டக்காரர்கள் பெரிய உத்தியாகப் பேசுகிறார்கள். சண்டையின்றி ஓர் ஏரியைப் பகிர்ந்து உண்ண அந்த உத்தியைப் பயன்படுத்தியவர்கள் நம் மீனவர்கள்.

கற்பனைக் கதைதான் வேண்டுமென்றால் மணிமேகலை இருக்கிறது. அதில் ஆதிரையின் கணவன் சாதுவன் கப்பல் உடைந்து, ஒடிந்த மரம் ஒன்றைப் பற்றிக்கொண்டு, மனிதரைத் தின்னும் நாகர் வாழும் இடத்தில் ஒதுங்குகிறான். மேலைநாட்டு ஆட்டமானால் உடனே வாள் உருவப்படும். சாதுவன் பிழைத்தது அவனுக்கு நாகர் மொழி தெரிந்திருந்ததால். அவர்கள் தலைவனோடு அறம் பேசி, அவர்கள் கடைப்பிடிக்கக்கூடிய அளவிலேயே ஒரு நல்வழியும் கூறி, பொருளோடு ஊர் திரும்புகிறான். அதே காப்பியத்தில் காயசண்டிகை என்பவளுக்கு எவ்வளவு உண்டாலும் அடங்காத யானைத்தீ என்னும் பசிநோய். அதைத் தீர்ப்பது அமுதசுரபி. பகைவனை வெல்வதை விட்டுப் பசியை வெல்வதைக் கதையின் உச்சியில் வைத்த ஒரு காப்பியம் நம் கையில் இருக்கிறது. அதைக் களமாக்கி உலகம் அறிய ஆடிய ஆட்டம் எது?

சாம்பல் உலகம்

மறக்கப்பட்ட களங்களைப் பற்றிப் படித்தபோது ஒன்றே ஒன்று என்னை உலுக்கியது. அதன் பெயர் 'டார்க் சன்'. 1991இல் டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸுக்காக வந்த களம் அது. சில ஆண்டுகளில் கிடப்பில் போடப்பட்டு, 2010இல் ஒருமுறை மீண்டும் வந்தது. அந்த உலகில் மந்திரம் இலவசமாகக் கிடைப்பதில்லை. மந்திரவாதி ஒவ்வொரு முறை ஆற்றலை எடுக்கும்போதும் சுற்றியுள்ள செடிகொடிகளின் உயிரை உறிஞ்ச முடியும். உறிஞ்சிய இடத்தில் சாம்பல் எஞ்சும். பல்லாயிரம் ஆண்டுகள் இப்படி உறிஞ்சியதால் உலகமே பாலையாகிவிட்டது. கடல் இருந்த இடத்தில் நுண்ணிய புழுதி நிரம்பி, புழுதிக் கடல் என்றே பெயர் பெற்றுவிட்டது.

இதை எழுதியவர்கள் அமெரிக்கர்கள். எண்ணூர் என்ற பெயரையே அவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் எங்கள் கழிமுகத்தில் அனல் மின்சாரத்துக்காக எரித்த நிலக்கரியின் சாம்பல் படிந்திருக்கிறது. ஆற்றல் நகரத்துக்குப் போகிறது. சாம்பல் ஆற்றில் தங்குகிறது. 2017 ஜனவரி 28 அன்று துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கரையில் ஒதுங்கிய எண்ணெயை வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மீண்டும் எண்ணெய் ஆற்றுக்குள் வந்தது.

பூதம்கூட எங்களிடம் உண்டு. மைடெல்லா ஸ்ட்ரைகேட்டா என்று விலங்கியலார் அழைக்கும் ஒரு சிப்பியினம் தென் அமெரிக்கப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்டது. கப்பல்கள் நிலைப்புக்காக ஏற்றி இறக்கும் நீரோடு வந்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். எங்கள் பக்கத்து மீனவர் அதற்குக் காக்கா ஆழி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆற்றடியில் பாய் விரித்தாற்போல் படர்ந்து, இறால் மேயும் சேற்றை மூடி, நாட்டு மட்டிகளுக்கு இடமில்லாமல் செய்கிறது. இதை எந்த வாளால் வெட்டுவது? எந்த அம்பால் எய்வது? வெல்ல வேண்டுமானால் முதலில் அதன் வாழ்க்கை முறையைப் படித்தாக வேண்டும். இப்படிப்பட்ட பூதத்தை எதிர்கொள்ளும் ஆட்டம் எவ்வளவு அறிவைத் தூண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டால் பாலையாகும் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. காய்ந்துபோன நிலத்துக்கும் ஒரு பெயர் சூட்டி, அதற்கும் ஒரு தெய்வம், ஒரு பறவை, ஓர் உணர்வு என்று வகுத்த மரபு நம்முடையது. நெய்தல் திரிந்தால் அதற்கு என்ன பெயர்? நம் இலக்கணத்தில் பெயர் இல்லை. அந்த நிலத்தில் நின்றுகொண்டுதான் நான் இதை எழுதுகிறேன். பெயர் இல்லாத நிலத்தை யாரும் காக்க வரமாட்டார்கள் என்ற அச்சம் எனக்கு இருக்கிறது. களம் வேண்டும் என்று நான் வாதிடுவதன் மூல காரணமும் அதுவே.

எழும் கேள்விகள்

"ஆறு செத்துக்கொண்டிருக்கிறது, உனக்கு விளையாட்டா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆட்டம் ஆடினால் சாம்பல் கரையாது என்பதை நான் அறிவேன். அதற்கு வழக்கும் போராட்டமும் ஆய்வும் வேண்டும். அவை நடந்தும் வருகின்றன. ஆனால் எண்ணூர் என்றதும் வெளியூராருக்கு நினைவில் வருவது புகைபோக்கியும் எண்ணெய்ப் படலமுந்தான். கிழங்கானும் மடவையும் துள்ளிய ஆறு, பங்கு பிரிக்கும் கணக்கு, காற்றின் பெயர்கள் ஆகியவை அவர்களுக்குத் தெரியாது. என்ன இருந்தது என்றே அறியாதவனிடம் என்ன இழந்தோம் என்று எப்படி முறையிடுவது?

"கும்பிடும் சாமியை விளையாட்டாக்கலாமா?" என்பது இரண்டாவது கேள்வி. எனக்கும் இதில் தயக்கம் உண்டு. இருளர் மக்கள் மாசி மகத்தன்று மாமல்லபுரக் கடற்கரையில் கூடித் தங்கள் கன்னியம்மாவை வணங்குகிறார்கள். அந்தத் தெய்வத்துக்கு உயிர்ப்புள்ளி எழுத எனக்கு உரிமை இல்லை. எதை ஆட்டத்தில் வைக்கலாம், எதை வைக்கக்கூடாது என்று அந்தந்த மக்களைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். களத்தை வெளியார் எழுதுவதற்கும் உள்ளூரார் எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

"நம் குப்பத்துக் கதை உலகத்துக்குப் புரியுமா?" என்பது மூன்றாவது. போலந்து நாட்டில் உச்சிவெயிலில் வயலில் நடமாடும் பேய் என்று கிராமத்தார் அஞ்சிய உரு, 2007இல் வெளிவந்த 'தி விட்ச்சர்' என்னும் ஆட்டத்தின் மூலம் உலகமெங்கும் சென்றது. அதன் இரண்டாம் பாகத்தை 2011இல் போலந்துப் பிரதமர் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஒபாமாவுக்கே பரிசளித்தார். அலாஸ்காவின் இனுப்பியாத் மக்கள் 2014இல் 'நெவர் அலோன்' என்னும் ஆட்டத்துக்குத் தங்கள் கதையைத் தந்தனர். ஊர்ப் பெரியவர்கள் உடனிருந்து உருவாக்க உதவினர். கதை அவர்கள் மொழியிலேயே சொல்லப்பட்டது. நம் தமிழே ஒரு சான்று தருகிறது. டொரான்டோவில் உருவாகி 2023இல் வெளியான 'வெண்பா', கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையற்கட்டையே களமாகக் கொண்டது. மறு ஆண்டில் பிரிட்டனின் பாஃப்டா விருதை முதல் படைப்புக்கான பிரிவில் வென்றது. சமையற்கட்டு புரிந்தவர்களுக்குக் கடற்கரை புரியாதா?

யார் செய்வது?

கடலை அறிந்தவர்களுக்கு இந்த ஆட்டங்கள் தெரியாது. ஆட்டங்களை அறிந்தவர்களுக்குக் கடல் தெரியாது. இருவருக்கும் இடையே நிற்பவர்கள் யார்? நம்மைப் போன்றவர்கள்தாம்.

என் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தை பள்ளியில் அதிகம் படித்தவரல்லர். ஆனால் விடியற்காலையில் கரையில் நின்று முகத்தில் படும் காற்றை வைத்தே இன்று போகலாமா வேண்டாமா என்று சொல்லிவிடுவார். நான் வலைக்கும் கூடைக்கும் திரும்பி வரக்கூடாது என்பதற்காகவே அவரும் அம்மாவும் என்னைப் படிக்க வைக்கிறார்கள். அவர்கள் விருப்பம் நிறைவேறத்தான் வேண்டும். ஆனால் நான் வேலைக்குப் போய், எனக்கொரு குடும்பம் ஆகி, என் பிள்ளைகள் வேறெங்கோ வளர்ந்தால், அவர்களுக்கு இந்தக் காற்றின் பெயரைச் சொல்ல ஆள் இருக்காது. உழவர் வீட்டிலிருந்தும், நெசவாளர் வீட்டிலிருந்தும், மலையிலிருந்தும் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் நண்பர்கள் பலருக்கும் இதே நிலைதான். கேட்டு எழுதக்கூடிய கடைசித் தலைமுறையும், எழுதத் தெரிந்த முதல் தலைமுறையும் நாமாகவே இருக்கிறோம்.

பணம் வேண்டாமா என்பீர்கள். கணிப்பொறி ஆட்டத்துக்கு வேண்டும். மேசையில் ஆடும் ஆட்டத்துக்குப் பென்சிலும் தாளும் போதும். டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸின் அடிப்படை விதிகளே 2023 ஜனவரியில் யாரும் எடுத்துத் தம் களத்துக்கு ஏற்பத் திருத்தி வெளியிடலாம் என்று பொது உரிமத்தில் விடப்பட்டுவிட்டன. பூட்டு திறந்திருக்கிறது. உள்ளே வைக்கப் பொருள்தான் வேண்டும்.

ஆகவே மாணவ நண்பர்களுக்கு ஒரு திட்டத்தை முன்வைக்கிறேன். ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். தொல்காப்பியர் தந்த கருப்பொருள் தலைப்புகளை ஒரு பக்கத்துக்கு ஒன்றாக எழுதுங்கள். தாத்தாவையும் ஆயாவையும் கேட்டு உங்கள் ஊருக்குரியதை நிரப்புங்கள். இறுதியில் இரண்டு பக்கங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள்: எங்கள் ஊரார் எதற்கு அஞ்சுகிறார்கள், எங்கள் ஊரில் எது திரிந்துவிட்டது. பொன்னேரிப் பக்கத்து நண்பர்கள் மருதத்தை எழுதலாம். விடுதியில் தங்கிப் படிக்கும் மலையூர் நண்பர்கள் குறிஞ்சியை எழுதலாம். தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் பிழை திருத்தட்டும். விலங்கியல், தாவரவியல் துறையினர் உயிர்களின் பெயர்களைச் சரிபார்க்கட்டும். கணினி அறிவியல் மாணவர்கள் அதற்கு உருக்கொடுக்கட்டும்.

அடுத்த ஆண்டு மலர் வெளிவரும்போது ஐந்து நிலத்துக்கும் ஐந்து களங்கள் அதில் அச்சேற வேண்டும் என்பது என் ஆசை. நெய்தலுக்கான நோட்டை நான் தொடங்கிவிட்டேன். காற்று என்ற பக்கம் அப்பாவின் உதவியால் நிறைந்துவிட்டது. மீன் என்ற பக்கத்தில், இப்போது கிடைப்பவை, இப்போது கிடைக்காதவை என்று நடுவில் ஒரு கோடு போட வேண்டியதாயிற்று. இரண்டாவது பட்டியலே நீளமாக இருக்கிறது.